மடிக்காத தாளுக்கு இரண்டு ஸ்டார்

வானத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் எண்ண முடியாது என்று சொல்லிவிட்டு உட்காருவோம். எண்ண முடியும். மொத்தம் ஐந்து. அந்த ஐந்தும் இப்போது வானத்தில் இல்லை. ஒரு மனிதரின் சட்டைப்பையில், அவருடைய செல்போனுக்குள் இருக்கின்றன. அவராகப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் உண்டு. உங்கள் ஊரில் அவருக்கு என்ன பெயரோ எனக்குத் தெரியாது. விருதுநகரில் அவர் பெயர் சங்கரபாண்டியன். மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறார். நாங்கள் அண்ணாச்சி என்போம்.

ஒருவரைப் பிடித்து வைத்துக்கொண்டு நான் வம்பளப்பதாக நினைக்கவேண்டாம். இது ஓர் இனம். கருத்துச் சொல்லும் இனம். எல்லாவற்றுக்கும் ஸ்டார் போடுவதற்கென்றே பிறந்து, சாப்பிட்ட கையைக் கழுவுவதற்கு முன்னால் ஓட்டலுக்கும், டிக்கெட்டைக் கிழிப்பதற்கு முன்னால் படத்துக்கும், அட்டையைத் திருப்புவதற்கு முன்னால் புத்தகத்துக்கும் தீர்ப்பு எழுதி, எழுதிய தீர்ப்பை இருபது குழுக்களுக்கு அனுப்பி, அனுப்பியதை யார் யார் பார்த்தார்கள் என்று பார்த்து, பார்த்தும் பதில் போடாதவர்களை மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்கிற இனம். இவர்களை யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறவனுக்குக் கருத்து என்று பெயரா?

அண்ணாச்சியின் தொழில்முறையைக் கொஞ்சம் பார்ப்போம். ஒருநாள் அவருடைய செல்போனில் இருக்கும் வானிலைச் செயலி, மாலையில் மழை என்று சொன்னது. எங்கள் ஊரில் எந்தச் செயலி சொல்லியும் மழை வந்ததில்லை என்பதால் அண்ணாச்சி வத்தலை வாசலில் காயப்போட்டார். வந்துவிட்டது. வத்தல் தொப்பலாக நனைந்தது. அண்ணாச்சி உடனே ஒரு ஸ்டார் போட்டு இப்படி எழுதினார்: 'சொன்னபடியே மழை பெய்தது. பொறுப்பில்லாத செயலி. யாரும் பதிவிறக்க வேண்டாம்.' இதை முந்நூறு பேர் பயனுள்ள கருத்து என்று குறித்திருக்கிறார்கள். அந்த முந்நூறு பேரும் சிவகாசிப் பக்கத்தில் பட்டாசு காயப்போட்டவர்களாக இருக்கவேண்டும்.

சினிமா என்றால் இன்னும் விசேஷம். அண்ணாச்சி முதல் நாள் முதல் காட்சிக்குப் போவார். இடைவேளை விட்டதும் விமர்சனத்தை எழுத உட்காருவார். இரண்டாம் பாதி ஓடும்போது தலை குனிந்தே இருக்கும். படம் முடிய இன்னும் பத்து நிமிடம் என்கிறபோது எழுந்துவிடுவார், பிறகு ஸ்டாண்டில் வண்டி எடுக்க நெருக்கடியாகிவிடும் என்று. ஆகவே இருபது வருடமாக எந்தப் படத்தில் யார் கொலைகாரன் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனால் விமர்சனத்தின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'முடிவு எதிர்பார்த்ததே.'

அவரிடம் நான்கு வாக்கியங்கள் இருக்கின்றன. 'ஒருமுறை பார்க்கலாம்.' 'நடுவில் தொய்வு.' 'புதிதாக எதுவும் இல்லை.' 'இன்னும் செதுக்கியிருக்கலாம்.' இந்தக் கடைசி வாக்கியம் அவருக்கு உயிர். படமா, புத்தகமா, இணையத் தொடரா, வங்கிச் செயலியா, இன்னும் செதுக்கியிருக்கலாம். ஒரு இளநீரைக் குடித்துவிட்டு வெட்டிக்கொடுத்தவரிடம் இதைச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அரிவாள் வைத்திருக்கிறவரிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது?

ஒரே ஒரு இடத்தில்தான் அண்ணாச்சியின் ஸ்டார் செல்லாது. அது அவருடைய வீடு. கல்யாணமாகி இருபத்தாறு வருடம் கழித்து ஒருநாள் மனைவி லட்சுமிகாந்தம் வைத்த புளிக்குழம்புக்கு இரண்டரை ஸ்டார் என்றும், இன்னும் செதுக்கியிருக்கலாம் என்றும் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். மறுநாள் மத்தியானம் தட்டில் வெறும் சோறு.

"கொளம்பு எங்க?"

"செதுக்கிக்கிட்டு இருக்கேன். சாயந்தரம் ஆயிரும். இருங்க."

அதற்குப் பிறகு வீட்டில் எது எப்படி இருந்தாலும் அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார். உள்ளே அடக்கி வைத்த ஸ்டாரெல்லாம் ஊருக்கு வருகிறது.

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டு கேட்கலாம். வானிலைச் செயலிக்கு மனசு வலிக்காது. சினிமா எடுத்தவர்கள் எங்கோ தூரத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஆவணி மாதம் அண்ணாச்சி ஒரு புத்தகத்துக்கு ஸ்டார் போட்டார். எழுதியது பக்கத்து ஆமத்தூர்ப் பெண்.

எங்களுக்கு ஒரு வாசகர் குழு உண்டு. அறுபது பேர் இருக்கிறோம். வாசகர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. நான் சூலக்கரையில் ஒரு அலுவலகத்தில் எழுத்தர். குழுவில் என் வேலை கட்டை விரலை உயர்த்திக் காட்டுவது. வருடத்துக்கு ஒருமுறை உள்ளூர்க்காரர் எழுதிய ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, கல்யாண மண்டபத்தில் மைக் போட்டு, எழுதியவரையே இரண்டு மணி நேரம் வாசிக்கச் சொல்வோம். ஊர் வந்து கேட்கும். வடை உண்டு.

இந்த வருடம் போட்டியில் இரண்டு புத்தகம். ஒன்று மகேஷ்குமார் எழுதிய பயண நூல். பட்டாசுக் கம்பெனி முதலாளியின் மகன். ஆறு நாட்டில் ஆறு ஓட்டலில் தங்கியதை எழுதியிருந்தார். இன்னொன்று ஆமத்தூர் சினேகாவின் 'பதினோராம் ரூம்' என்ற நாவல். சினேகா சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸில் தாள் மடிக்கும் பகுதியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அம்மா குருவம்மாள் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடமாகத் திரி வெட்டுகிறவர். நாவல் அந்த வேலையையும் அது நடக்கிற ரூமையும் பற்றியது.

குருவம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் தன்னைப் பற்றி நூற்றிருபத்தெட்டுப் பக்கம் எழுதியிருக்கிறாள் என்பது தெரியும், என்ன எழுதியிருக்கிறாள் என்பது தெரியாது. வீட்டில் வைத்துப் படித்துக்காட்டச் சொன்னால் மகளுக்கு வெட்கம். "மைக்குல படிக்கும்போது கேளு, அங்கன வச்சுன்னா அழ மாட்டேன்" என்றிருக்கிறாள். ஆகவே குருவம்மாள் தேர்வு முடிவு தெரிவதற்கு முன்பே, தீபாவளிச் சீசன் தலைக்கு மேல் ஓடும்போது, சூப்பர்வைசரிடம் விழா நாளுக்கு லீவு சொல்லி வைத்துவிட்டார். சீசனில் லீவு கேட்பது எப்படிப்பட்ட காரியம் என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள்.

இரண்டு புத்தகத்தின் கோப்பும் குழுவுக்கு வந்தது. எல்லோரும் 'வாழ்த்துகள்' போட்டோம். திறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அண்ணாச்சி மட்டும், செல்போனில் படிப்பதெல்லாம் படிப்பே இல்லை, அச்சில் படித்தால்தான் படித்த மாதிரி என்று சொல்லிவிட்டார். அச்சுக்கு அவருக்கு வசதி உண்டு. சினேகா வேலை பார்க்கிற பிரஸ் அண்ணாச்சியின் மச்சான் தங்கப்பாண்டியனுடையது. காலண்டர் ஆர்டருக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் அந்த நாவலும் அங்கேதான் அச்சாகிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி வாரம் ஒருமுறை அங்கே போய், வீணாய்ப்போன தாள்களை மண்டியில் விரிக்க ஒரு கட்டு எடுத்துவருவார்.

அடுத்த சனிக்கிழமை விமர்சனம் வந்தது. அதை அப்படியே தருகிறேன்:

'பதினோராம் ரூம். என் பார்வையில். ஆசிரியர் காலத்தைக் கலைத்துப்போடும் மேலைநாட்டு உத்தியை முயன்றிருக்கிறார். கைவசப்படவில்லை. மாமியார் இறக்கிறார், காரியம் முடிகிறது, அடுத்த பக்கத்தில் அதே மாமியார் கஞ்சியில் உப்பில்லை என்று மருமகளைத் திட்டுகிறார். தவழும் குழந்தை வருகிறது. அடுத்த பக்கத்தில் அதன் தாய்க்கு வளைகாப்பு. வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. குழாயடிச் சண்டை வரும் இடத்தில் மட்டும் ஆசிரியருக்குக் கதை ஓட்டம் கூடிவருகிறது. பட்டாசுத் தொழிலாளர் வாழ்க்கையை எழுத அந்த வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டும். இன்னும் செதுக்கியிருக்கலாம். இரண்டு ஸ்டார்.'

கூடவே மகேஷ்குமாரின் நூலுக்கும் ஒரு வரி: 'தரமான தாள். ஐந்து ஸ்டார்.'

அருகிலிருந்து பார்த்திருக்க வேண்டுமாம். திரி வெட்டிய விரலோடு சோறு பிசைந்து ஊட்டிய அம்மாவின் மகளுக்கு, வத்தல் மண்டியிலிருந்து இந்த யோசனை. ஆனால் எங்களுக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவில்லை. அண்ணாச்சியே படித்துவிட்டார், நமக்கு ஒரு வேலை மிச்சம் என்று ஆறுதல்தான். விமர்சனத்தின் கீழே ஒவ்வொருவராக வந்து விழுந்தோம். 'ஆழமான பார்வை அண்ணாச்சி.' 'நானும் இதையேதான் உணர்ந்தேன்.' 'உத்தி கதையைக் கொன்றுவிட்டது.' ஒருவர் கண்கலங்கும் பொம்மை போட்டார், எதற்கென்று அவருக்கே தெரியாது. நான் கட்டை விரல் போட்டேன். மறுநாள் குழுவில் வாக்கெடுப்பு. மகேஷ்குமாருக்கு நாற்பத்தொன்று. சினேகாவுக்கு ஆறு. மற்றவர்கள் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

முடிவை முறைப்படி அறிவிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடினோம். மகேஷ்குமார் வெளிநாட்டில் இருந்ததால் வரவில்லை. ஏழாவது ஓட்டலில் இருந்திருப்பார். சினேகா வந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பின்வரிசையில் குருவம்மாள் முகமெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு, தோற்றுப்போனது தெரியாமல், எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கும்பிட்டுக்கூட வைத்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

தலைவர் முத்துக்கிருஷ்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் சினேகா எழுந்துவிட்டாள்.

"ஒரே ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேன் சார். அண்ணாச்சி, காரியம் முடிஞ்சப்புறம் மாமியா மருமகள வையிதுன்னு எழுதியிருந்தீகள்ல. அது எத்தனாம் பக்கம்?"

அண்ணாச்சி சிரித்தார். "பக்க நம்பரெல்லாம் கணக்குப்பிள்ள பாக்குறது தாயி. நான் சாரத்தப் பாக்குறவன்."

"சரிங்க. நீங்க படிச்ச தாளு இதானா?"

துணிப்பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து மேசைமேல் விரித்தாள். மேசையே மறைந்துபோனது. ஒரே தாளில் எட்டுப் பக்கம், கீழே நான்கு, மேலே நான்கு. மேலே இருந்த நான்கும் தலைகீழாக இருந்தன.

"இதேதான்" என்றார் அண்ணாச்சி. "மண்டியில விரிச்சு வச்சு ஒரு எழுத்து விடாமப் படிச்சேன். மேல் வரிசைக்காக அந்தப் பக்கமாப் போயி உக்காந்து படிச்சேன். எம்புட்டு சிரமம்? உனக்காகப் பட்டேன்."

"இது மெஷின் செட் பண்ணும்போது வீணாப் போன தாளு அண்ணாச்சி. ரெண்டாம் பாரம், பதினேழுலருந்து முப்பத்திரண்டாம் பக்கம் வரைக்கும் உள்ளது. இத இப்பிடியே படிக்கக் கூடாது, மடிச்சாத்தான் பக்கம் வரிசையா வரும். கீழ பாருங்க. இருபது, இருபத்தொம்பது, முப்பத்திரண்டு, பதினேழு. இருபத்தொம்பதுல மாமியா சாகுது. முப்பத்திரண்டுல காரியம். பதினேழுல உசுரோட இருந்து வையிது. அந்தப் பக்கம் போயி உக்காந்தா இருபத்துநாலு, இருபத்தஞ்சு, இருபத்தெட்டு, இருபத்தொண்ணு. இருபத்தெட்டுல புள்ள தவழுது. இருபத்தொண்ணுல வளகாப்பு." மேல் வரிசையில் விரலை வைத்தாள். "கொழாயடிச் சண்ட மட்டும் நல்லா ஓடுதுன்னு எழுதியிருந்தீக. ரொம்ப சந்தோசம். ஏன்னா இருபத்துநாலும் இருபத்தஞ்சும் மட்டுந்தான் இந்தத் தாள்ல அடுத்தடுத்து விழும்."

முன்வரிசையில் இருந்தவர்கள் மேசையை எட்டிப் பார்த்தார்கள்.

சினேகா தாளை ஒரு மடிப்பு மடித்தாள். நகத்தால் ஒரு இழுப்பு. திருப்பி இன்னொரு மடிப்பு. மறுபடி ஒன்று. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் மடிக்கிற கை. நாங்கள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் அந்தப் பெரிய தாள் ஒரு சின்னப் புத்தகமாகிவிட்டது. அதை அண்ணாச்சி முன்னால் வைத்தாள்.

"இப்பப் படிங்க. இதுலயும் பாதிப் பக்கம் வெள்ளையாத்தான் இருக்கும். பின்பக்கம் அச்சடிக்காத தாளு. புத்தகத்துல அந்தப் பக்கத்துலயும் எழுதியிருக்கேன்."

நீங்களும் நானும் என்றால் அந்த இடத்தில் மேசைக்கு அடியில் போயிருப்போம். ஆனால் இந்த இனத்துக்குக் கடவுள் வெட்கம் என்கிற உறுப்பை வைக்கவில்லை. அண்ணாச்சி மடித்ததைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, தலையாட்டினார்.

"இதத்தான் தாயி நானும் சொன்னேன். இன்னும் கொஞ்சம் செதுக்கியிருக்கலாம்னு. மடிப்பச் சொன்னேன்."

நாங்கள் தலைவரைப் பார்த்தோம். முத்துக்கிருஷ்ணன் நியாயமான மனிதர். அவருக்கு வியர்த்துவிட்டது. "நடந்தது தப்புத்தாம்மா. ஆனா ஓட்டெடுப்பு முடிஞ்சுபோச்சே. அழைப்பிதழ் வேற அச்சாயிருச்சு."

"தெரியும் சார்" என்றாள் சினேகா. "எங்க பிரஸ்லதான் அடிச்சீக. நாந்தான் மடிச்சேன்."

ஆயிரம் அழைப்பிதழ். ஒவ்வொன்றிலும் இன்னொருவர் பெயர். நாங்கள் செய்த வேலையைக் கடைசியாக நகத்தால் இழுத்து முடித்துக் கொடுத்தது அந்தப் பெண். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு வெட்கப்பட்டு எழுந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழகாக இருந்திருக்கும். பேசவில்லை.

குருவம்மாள் பின்வரிசையில் இருந்து எழுந்தார். "என்னத்தா, மைக்குல படிக்கச் சொல்றாகளா?"

"இல்லம்மா. வேற ஒருத்தர் படிக்காக."

"அப்ப லீவு?"

சினேகா அம்மாவைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பைண்டிங் முடிந்த புத்தகத்தை எடுத்தாள். மைக் இல்லை. மண்டபம் இல்லை. நின்ற இடத்திலேயே முதல் பக்கத்திலிருந்து அம்மாவைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தாள். பத்துப் பக்கம் படித்திருப்பாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வேனுக்கு ஓடுகிற பெண்களும், தூக்குவாளியும், உரசினால் தீப்பொறி என்று ரூமுக்குள் போகும் முன் கழற்றி வைக்கும் கொலுசும் வந்தன. அழமாட்டேன் என்று சொன்னவள் கொலுசு வந்த இடத்தில் அழுதுவிட்டாள். குருவம்மாள் அழவில்லை. தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் மகளிடம் கேட்டார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: "நல்லாத்தானத்தா இருக்கு. இதையா இந்த அண்ணாச்சி வஞ்சு எழுதுனாக?"

"அவுக இதப் படிக்கலம்மா."

குருவம்மாள் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் குரலில் கேலி இருந்ததா என்று இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. "படிக்காமலேயா அம்புட்டு எழுதுனாக? கெட்டிக்காரருதான்."

அன்று மாலையே குழுவில் அண்ணாச்சியின் திருத்திய விமர்சனம் வந்தது: 'பதினோராம் ரூம், மறுபார்வை. ஆசிரியர் நேரில் வாசிக்கக் கேட்டேன். சம்பவங்கள் வரிசையாக வருகின்றன. வளைகாப்புக்குப் பிறகுதான் குழந்தை, சாவுக்குப் பிறகுதான் காரியம் என்று எல்லாம் எதிர்பார்த்தபடியே. முதல் வாசிப்பில் இருந்த புதுமை இல்லை. இரண்டு ஸ்டார்.'

பத்துப் பக்கம் கேட்டவருக்கு வளைகாப்பும் சாவும் எங்கே கேட்டன? அதையும் யாரும் கேட்கவில்லை. கீழே பதினேழு கட்டை விரல் விழுந்தது.

விழா அழைப்பிதழில் இருந்தபடியே நடந்தது. மகேஷ்குமார் இரண்டு மணி நேரம் ஓட்டல் ஓட்டலாக வாசித்தார். வடை சூடாக இருந்தது. குருவம்மாள் லீவை வேண்டாமென்று சொல்லி அன்றைக்கும் வேலைக்குப் போனார். நான் அந்த வாரம் சினேகாவின் நாவலை வாங்கி முழுக்கப் படித்தேன். எப்படி இருந்தது என்கிறீர்களா? சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் படிக்காமல் அதையே நாலு பேருக்குச் சொல்வீர்கள். அந்த நாற்பத்தொரு ஓட்டில் ஒன்று என்னுடையது. எனக்கு இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும்.

இவ்வளவு நேரம் அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தீர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சினேகாவின் நாவல் மொத்தம் எத்தனை பக்கம் என்று மேலே ஓரிடத்தில் எழுதியிருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்க்காமல் சொல்லுங்கள். ஞாபகம் இல்லையா? அந்த இடத்தைத் தாண்டிக் குதித்து வந்தீர்களோ? இல்லை, மேலே நாலு வரி, கீழே நாலு வரி என்று பார்த்துவிட்டு நேராக இங்கே வந்து நிற்கிறீர்களா? பரவாயில்லை. இதை எங்கே படிக்கிறீர்களோ, அங்கே கீழே ஐந்து ஸ்டார் வரிசையாக இருக்கும். உங்கள் கட்டை விரல் ஏற்கனவே அங்கே போய்விட்டதா என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.